ஃபிரெட் இல்லாத அக்கூஸ்டிக் பேஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குறைந்த விலையில் ஃபிரெட்லெஸ் அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக் பேஸ் வாங்க நினைப்பவர்களின் கேள்விகளில் சில இங்கே. (ஃபிரெட் என்பது கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; அது இல்லாததே ஃபிரெட்லெஸ்.) பலரும் முதலில் கேட்பது மாடல் பெயரைத்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த விலையில் நாதத்தைத் தீர்மானிப்பது ஸ்ட்ரிங்கும் (கம்பி) செட்டப்பும்தான் (கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது).

இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார்களோடு வீட்டில் வாசிப்போம். ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் பேஸ் கேட்குமா?

கேட்காது. இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். பேஸின் திறந்த E கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அறை முழுக்கத் தள்ளுவதற்குப் பெரிய உடல் வேண்டும். டபுள் பேஸ் ஆளுயரத்துக்கு நிற்பது அதனால்தான். 1972-இல் எர்னி பால் எர்த்வுட் என்ற அக்கூஸ்டிக் பேஸைக் கொண்டுவந்தபோதும் உடலை மிக ஆழமாகத்தான் செய்தார்கள். இன்று விற்பவை மடியில் வசதியாக உட்கார வேண்டும் என்பதற்காக ஒல்லியாக்கப்பட்டவை. இரவில் தனியாகப் பயிற்சி செய்யப் போதும். இரண்டு பேர் கிட்டாரைத் தட்டி வாசிக்க ஆரம்பித்தால் காணாமல் போய்விடும்.

அதனால் கடையில் முதலில் ஆம்பில் செருகிக் கேளுங்கள். நான்கு கம்பியும் ஒரே அளவு சத்தம் தருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மெலிந்து ஒலித்தால், பெரும்பாலும் சேடிலின் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அடிப்பகுதி பியஸோ பிக்கப்பின் (அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் உணரி) மேல் சமமாக உட்காரவில்லை என்று அர்த்தம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலை பேசும்போது சொல்லிவிடுங்கள். அப்புறம் நெக் (கழுத்து) நேராக இருக்கிறதா, பிரிட்ஜ் (சேடில் உட்காரும், உடலோடு ஒட்டிய கட்டை) பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பிரிட்ஜ் தூக்கியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

எந்த மாடல்?

கோடின் ஏ4 ஃபிரெட்லெஸ் அருமையான வாத்தியம், ஆனால் "குறைந்த விலை" என்ற சொல்லுக்குள் அடங்காது. காலா யூ-பேஸில் ஃபிரெட்லெஸ் வகை உண்டு. யுகுலேலி அளவு உடல், சுமார் 21 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), ரப்பர் போன்ற பாலியூரிதேன் கம்பிகள். ஆம்பில் செருகினால் டபுள் பேஸின் சாயல் வியக்கும்படி வருகிறது. ஆனால் 34 அங்குல பேஸில் பழகிய விரலுக்கு இது வேறு உலகம்.

மூன்றாவது வழி, ஃபிரெட் உள்ள மலிவான அக்கூஸ்டிக் பேஸைப் பழையதாக வாங்கி ஃபிரெட்களை எடுத்துவிடுவது. என் ஓட்டு இதற்குத்தான். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் புகழ்பெற்ற 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸும் ஃபிரெட் நீக்கப்பட்ட ஒன்றுதான்.

நானே ஃபிரெட்களை எடுக்கலாமா?

கை நிதானம் இருந்தால் எடுக்கலாம். சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃபிரெட்டையும் சூடாக்கி, மெல்ல மெல்லத் தூக்குங்கள். இழுத்துப் பிடுங்கினால் மரம் சில்லு சில்லாகப் பெயரும். காலி இடங்களில் மெல்லிய மரத்தகடு வைத்து ஒட்டி, சமமாகத் தேயுங்கள். வெளிர் நிற மரம் வைத்தால் ஸ்வரம் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடும் கிடைத்துவிடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபிரெட்டின் உயரம் சுமார் 1 மி.மீ. அது போனதும் கம்பி பலகையிலிருந்து அவ்வளவு விலகி நிற்கும். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளங்களை ஆழப்படுத்தி, சேடிலையும் தேய்த்து, கம்பியைக் கீழே கொண்டுவர வேண்டும். ஃபிரெட்லெஸ்ஸுக்கே உரிய அந்த "ம்வா" என்ற முனகல், கம்பி பலகையை லேசாக உரசுவதால் வருவது. ஆக்‌ஷன் (கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி) உயரமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த பேஸிலும் அது வராது. நட் வேலையை மட்டுமாவது நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

கோடு போட்டதா, போடாததா?

கோடு போட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கோடு இல்லாததை வாங்கினால் பக்கவாட்டுப் புள்ளிகளைக் கவனியுங்கள். சிலவற்றில் புள்ளி ஸ்வரம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். சிலவற்றில் ஃபிரெட் உள்ள பேஸைப்போல அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். 12-ஆவது ஃபிரெட் இருக்க வேண்டிய இடத்தில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி ஒலி) தட்டி, புள்ளியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

என்ன ஸ்ட்ரிங் போடுவது?

கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் பாஸ்பர் பிரான்ஸ் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) இருக்கும். அது பளிச்சென்று ஒலிக்கும்; விரல் வழுக்கும்போது கீச்சிடும்; பலகையையும் அரம்போல் தேய்க்கும். ஜாக்கோ ரவுண்ட்வவுண்ட்தான் போட்டார், ஆனால் அவருடைய பலகைமேல் படகுக்குப் பூசும் எபாக்ஸி (கெட்டிப்படும் பிசின்) கனமாகப் பூசப்பட்டிருந்தது. உங்கள் ரோஸ்வுட் பலகைக்கு அந்தக் கவசம் இல்லை.

கறுப்பு நைலான் டேப்வவுண்ட் (மேலே நைலான் நாடா சுற்றியது) போடுங்கள். லா பெல்லாவும் ரோட்டோசவுண்டும் செய்கின்றன. கீச்சு அடங்கும், அடிநாதம் உருண்டு வரும், பலகை பிழைக்கும். சில செட் தடிமனாக இருக்கும், அதற்கேற்ப நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கலாம். சாதாரண ஃபிளாட்வவுண்டும் (தட்டையான உலோக நாடா சுற்றியது) நல்லதே, ஆனால் இழுவிசை கூடினால் உடலின் ஒல்லியான மேல்பலகைக்குச் சுமை.

ஸ்ருதி விலகிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் விரல். ஃபிரெட் உள்ள பேஸில் ஃபிரெட்டுக்குப் பின்னால் அழுத்திப் பழகியிருப்பீர்கள். இங்கே விரல் நுனியின் நடு, கோட்டின் மேலேயே விழ வேண்டும். பாதிப் பேருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிவாரணம்.

34 அங்குல ஸ்கேலில் நட்டிலிருந்து முதல் அரை ஸ்வரத்துக்கு சுமார் 48 மி.மீ. 12-ஆவது இடத்துக்கு அருகே அதே அரை ஸ்வரம் 24 மி.மீ.தான். அதாவது, 1 மி.மீ. தவறினால் கீழே (நட்டுப் பக்கம்) 2 சென்ட், மேலே 4 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு). மேலே போகப் போகக் கை இன்னும் நுட்பமாக வேண்டும். ஆனால் கீழே தாண்ட வேண்டிய தூரம் பெரிது. அங்கே நான்கு விரலையும் விரிக்காமல், டபுள் பேஸ்காரர்கள்போல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு டியூனரைப் பார்க்காதீர்கள். தம்பூரா ஆப்பை A-வில் ஓடவிட்டு, A கம்பியில் 7-ஆவது இடத்தில் பஞ்சமத்தைப் பிடியுங்கள். சரியில்லாவிட்டால் இரண்டு ஒலிக்கும் நடுவே ஒரு துடிப்பு கேட்கும். விரலை மெல்ல நகர்த்தினால் துடிப்பு மெதுவாகி மறையும். அது மறையும் இடம்தான் ஸ்வரம். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று போங்கள்.

மேடையில் ஃபீட்பேக் (ஊளைச் சத்தம்) வருகிறது.

நடுத்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். ப்ரீஆம்பில் (பேஸிலேயே உள்ள சிறு ஒலிபெருக்கிச் சுற்று) ஃபேஸ் பட்டன் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இருந்தால் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கு நேரே நிற்காதீர்கள். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்; செருகியபடி விட்டால் 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே தீர்ந்துவிடும்.

கர்நாடக இசை வாசிக்க இது சரிவருமா?

வரும். ஃபிரெட் இல்லாத சித்ரவீணையில் முழுக் கமகமும் (ஸ்வரத்தை அசைத்து அழகூட்டுவது) பேசுகிறதே. ஆனால் வீணைபோல் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க முடியாது, கம்பி தடிமன். கம்பியின் நீளவாக்கில் விரலை உருட்டியும் வழுக்கியும்தான் கமகம் வாங்க வேண்டும். ஜாரு (வழுக்கல்) எளிதாக வரும், கம்பிதத்துக்கு (அசைவு) நாள் பிடிக்கும். G கம்பியில் 5-ஆவது இடத்துக்கும் 12-ஆவது இடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தொடங்குங்கள்.

ஸ்ருதி விஷயத்தில் ஒரு வசதி உண்டு. E, A, D, G என்ற நான்கு திறந்த கம்பிகளும் முறையே 3, 6, 2, 5 கட்டை (பாடகரின் ஸ்ருதியைக் குறிக்கும் எண்). பெண் பாடகர்கள் பலர் 5, 6 கட்டையை ஒட்டிப் பாடுவதால் திறந்த கம்பியே ஸட்ஜமாக நிற்கும். ஆண் குரல் 1 கட்டை என்றால் G கம்பி பஞ்சமம். நைலான் டேப்பில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், நீண்ட ராக ஆலாபனைக்கு அது குறைதான். அதற்கு மட்டும் ஃபிளாட்வவுண்ட் போட்டு, ப்ரீஆம்புக்குப் பின்னால் கம்ப்ரஸரை (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கருவி) கொஞ்சமாக வைத்துப் பாருங்கள்.