நெட் விட்டு விட்டு வருகிறதா? கேள்வி பதில்

நெட் அடியோடு போய்விட்டால் ஒருவகையில் நிம்மதி. எங்கே போனது என்று தேடிப் பிடித்துவிடலாம். போவதும் வருவதுமாக இருந்தால்தான் தலைவலி. நாம் பார்க்க உட்காரும்போது ஒழுங்காக ஓடும், எழுந்து போனதும் கட் ஆகும். வீட்டு லேப்டாப்பில் இந்தத் தொல்லை பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். ஆனால் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வேகம் முழுசாக வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

பதில்: ஸ்பீடு டெஸ்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது ஓடும் சில விநாடிகளில் என்ன வேகம் என்றுதான் சொல்லும். அரை மணிக்கு ஒருமுறை நெட் அறுபட்டால் அதன் கண்ணில் படாது. முதலில் தெரிய வேண்டியது, அறுபடுவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவிலா, ரவுட்டரைத் தாண்டி வெளியிலா என்பதுதான். அது தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே புரியாது.

விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று அடித்துக் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் வரும் வரிகளில் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒன்று இருக்கும். அதுதான் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இப்போது பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த முகவரி, மறுபடி இடைவெளி, கழித்தல் குறி, அதையொட்டி டி என்ற எழுத்து. நீங்கள் நிறுத்தும்வரை லேப்டாப் அந்த முகவரியைக் கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். இதேபோல் இன்னொரு ஜன்னலைத் திறந்து, ரவுட்டர் முகவரிக்குப் பதில் 8.8.8.8 கொடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது), வெளியுலகத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் வெறும் பிங்கும் முகவரியும் போதும்.

இரண்டையும் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படம் நின்றவுடன் கண்ணை அங்கே திருப்புங்கள். இரண்டு ஜன்னலிலும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: வைஃபை, லேப்டாப், அல்லது ரவுட்டர். ரவுட்டர் ஜன்னல் ஒழுங்காக ஓடி, 8.8.8.8 மட்டும் நின்றால் வெளியில். இரண்டும் ஓடியும் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், விபிஎன், பிரவுசர் பக்கம் போக வேண்டும். 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் லேப்டாப்பே வைஃபையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அறுபடாவிட்டாலும் எண்களைக் கவனியுங்கள். நல்ல வைஃபையில் ரவுட்டரின் பதில் சில மில்லிசெகண்டில் வந்துவிடும். 3, 4, 3, 640, 5, 910 என்று துள்ளினால் அதுவும் அதே நோய்தான்.

பார்த்துவிட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: அதே அறையில் போனில் நெட் அருமையாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் கட் ஆகிறது. அப்படியானால் கம்பெனிக்காரர்கள் மேல் தப்பு இல்லை, சரிதானே?

பதில்: அநேகமாகச் சரி. ஆனால் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? வைஃபை தடுமாறினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

அணைத்த பிறகும் போன் ஒழுங்காக இருந்தால் லேப்டாப்பைத்தான் பார்க்க வேண்டும். சார்ஜரில் இருக்கும்போது கட் ஆகாமல் பேட்டரியில் மட்டும் கட் ஆகிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படி என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டைத் தூங்க வைக்கும் வேலை நடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் வைஃபை கார்டு, அதன் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட். அங்கே மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்தப் பக்கமே இருக்காது. அப்போது பவர் மோடை மாற்றி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸ் அப்டேட் ஆன நாளிலிருந்துதான் தொல்லை என்றால், அதே ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதை இறக்குங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். இருக்கும் பிரச்சினையோடு இன்னொன்றையும் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: வைஃபை சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன. அப்படியும் தடங்கல். சிக்னல் முழுசாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது நாதஸ்வரம், தவில் சத்தத்தில் கேட்காமல் போகிறதே, அந்த மாதிரி. ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்றுதான் கோடுகள் சொல்லும். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் என்று சொல்லாது.

செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து கீழே போனால் பேண்ட், சேனல் இரண்டும் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் சந்தேகம் அங்கேதான். அந்த அலைவரிசை நெரிசலானது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ப்ளூடூத்தும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். சமையலறையில் அடுப்பு ஓடும் நேரமும் உங்கள் கால் அறுபடும் நேரமும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத குற்றவாளி ஒன்று உண்டு: யூஎஸ்பி 3. அந்த வேகத்தில் டேட்டா ஓடும்போது கேபிளிலிருந்தும் இணைப்பு முனையிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே இதை அளந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டி பேக்கப் ஓடும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறதா? கூடவே வயர்லெஸ் மவுஸின் அம்பும் திக்கித் திக்கி நகர்கிறதா? அப்படியானால் வேறு எங்கும் தேட வேண்டாம். டிஸ்க்கை எதிர்ப்பக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது கொஞ்சம் நீளமான, நல்ல கேபிளில் தள்ளி வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை தீரும். ஆனால் அது சுவர்களைத் தாண்டுவதில் பலவீனம். மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஓர் எண் தெரியும், சிக்னலின் பலம் அது. -50ஐ ஒட்டி இருந்தால் பிரமாதம். -75ஐத் தாண்டி -80 பக்கம் போனால் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். 5 கிகாஹெர்ட்ஸில்தான் பிரச்சினை. திடீரென்று அந்தப் பெயரே பட்டியலில் இருந்து காணாமல் போகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வருகிறது. 2.4 அசையாமல் நிற்கிறது.

பதில்: ரவுட்டர் எந்தச் சேனலில் ஓடுகிறது என்று பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார்களும் இயங்குகின்றன, அவற்றுக்குத்தான் முன்னுரிமை. பல நாடுகளில் உள்ள விதிப்படி, ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். இன்னொரு சேனலுக்குப் போகும் முன் அங்கேயும் சாதாரணமாக 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த இடைவெளி இதுவாக இருக்கலாம். நிஜமான ரேடாராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ரவுட்டர் ஏமாந்துபோவதும் உண்டு. ரவுட்டர் செட்டிங்ஸில் சேனல் 'ஆட்டோ' என்று இருப்பதை எடுத்துவிட்டு 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை வையுங்கள்.

கேள்வி: வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் 'நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது. ஐபிகான்ஃபிக் போட்டால் 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி வருகிறது.

பதில்: உங்கள் லேப்டாப் முகவரி கேட்டிருக்கிறது, ரவுட்டர் கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. அதுதான் 169.254. ஐபிகான்ஃபிக் அடித்து, இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ். அப்புறம் அதேபோல் ரெனியூ. அடிக்கடி இப்படி ஆனால், வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை எக்ஸ்டெண்டர் மாதிரி மாட்டி வைத்திருக்கிறீர்களா? இரண்டு ரவுட்டரும் ஆளுக்கொரு பக்கம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான். இரண்டாவதில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சிரிக்காதீர்கள். லேப்டாப் திரையைக் கொஞ்சம் சாய்த்தால் வைஃபை போகிறது, நிமிர்த்தினால் வருகிறது.

பதில்: சிரிக்க ஒன்றும் இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து நூல் போன்ற இரண்டு வயர்கள் கீல் வழியாக இறங்கி, கீழே உள்ள வைஃபை கார்டில் வந்து மாட்டும். பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. திரையைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த வயர் வளைகிறது, நாளடைவில் உள்ளே நைந்துபோகும். அல்லது கார்டில் அழுத்தி மாட்டும் சிறு பித்தளை மூடி கழன்று தொங்கும். பேட்டரி மாற்ற, ரேம் போட என்று யாராவது சமீபத்தில் திறந்திருந்தால் இரண்டாவதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். கழன்றிருந்தால் நேராக வைத்து அழுத்தினாலே 'டிக்'கென்று உட்கார்ந்துவிடும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும், பழக்கம் இல்லாவிட்டால் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் சார். இரண்டு ஜன்னலும் ஓடவிட்டுப் பார்த்தேன். ரவுட்டர் ஜன்னல் ஒருமுறைகூட நிற்கவில்லை. 8.8.8.8 மட்டும் சாயங்காலம் ஆனால் நிற்கிறது.

பதில்: நல்லது, லேப்டாப்பை விட்டுவிடலாம். கட் ஆகும் நேரத்தில் ரவுட்டர் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. ஃபைபர் கேபிள் எங்காவது கதவிடுக்கில் மடங்கியோ, ஆணியில் இறுகியோ இருக்கிறதா பாருங்கள். அதை மடக்கவே கூடாது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒளியின் அளவும் இருக்கும். ஜிபான் என்ற ஃபைபர் வகையில் -27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிற்பது கஷ்டம்.

விளக்கு ஒழுங்காக எரிந்தும் சாயங்காலத்தில் மட்டும் என்றால் நெட் கம்பெனி பக்கத்தில் நெரிசலாக இருக்கலாம். புகார் செய்யும்போது 'நெட் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்பார்கள். கட் ஆன நேரங்களை வரிசையாக எழுதி, ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்க 8.8.8.8 நின்ற ஸ்கிரீன்ஷாட்டையும் வையுங்கள். முடிந்தால் லேன் கேபிளில் மாட்டியும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். வைஃபை பிரச்சினை என்று தட்டிக்கழிக்க வழி இருக்காது.

கேள்வி: போன் போட்டோக்கள் கிளவுடில் ஏறும்போது வீட்டில் எல்லாருக்கும் நெட் படுத்துவிடுகிறது.

பதில்: அப்லோட் வழி நிரம்பி, ரவுட்டரில் டேட்டா பாக்கெட்டுகள் க்யூவில் நிற்கின்றன. அந்த நேரத்தில் 8.8.8.8 பிங் 20-லிருந்து பல நூறுக்கு ஏறும், பார்த்தாலே தெரியும். ரவுட்டரில் இந்த க்யூவை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் வசதி இருந்தால் போட்டு, அப்லோடை உங்கள் திட்டத்தின் 80-90 சதவீதத்தில் கட்டுங்கள். இல்லையென்றால் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: சில தளங்கள் மட்டும் சில நேரம் திறக்கவில்லை.

பதில்: டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். விபிஎன் இருந்தால் அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை, இணைப்பும் பிபிபிஓஇ வகை (ரவுட்டரில் பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணைவது) என்றால், ரவுட்டரில் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500 என்று இருப்பதை 1492 ஆக்குங்கள்.

கேள்வி: நெட்வொர்க் ரீசெட் கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசியாக. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் மென்பொருளையும் மறுபடி போட வேண்டிவரலாம். அதற்கு முன், கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு அடியுங்கள். கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று விண்டோஸே ஓர் அறிக்கை தரும்.

கேள்வி: எல்லாம் பார்த்துவிட்டேன். வைஃபை கார்டுதான் போய்விட்டது போல. புது லேப்டாப் வாங்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். முதலில் யாரிடமாவது யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள். அதில் கட் ஆகவில்லை என்றால் உள்ளே இருக்கும் கார்டோ ஆன்டெனா வயரோதான். பல மாடல்களில் கார்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். சில மெல்லிய மாடல்களில் போர்டோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் அந்த அடாப்டரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.