வெள்ளைமேல் வெள்ளை

கேள்வி: கம்பளத்தில் பூப்போடுவதைக்கூடப் பெரிய கலை என்கிறார்களே! அதில் பேர் வாங்கியவர் யாராவது உண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: உண்டு அம்மா. மேரியன் டோர்ன். 1896இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1920களில் லண்டனுக்கு வந்து பாத்திக் துணிகள் செய்தார். மெழுகும் சாயமுமாகக் கை கறைபடும் வேலை. கம்பளம் பிறகுதான். துணைவர் மெக்நைட் காஃபர், சுரங்க ரயில் சுவரொட்டிகளால் புகழ்பெற்றவர். இருவர் வரைந்த கம்பளங்களும் 1929இல் லண்டனில் காட்சிக்கு வந்தன.

பூ என்கிறீர்கள். என்னைக் கேட்டால், அவருடைய மிகச் சிறந்த கம்பளத்தில் பூ மட்டுமல்ல, வண்ணமே கிடையாது. சிரி மாம் என்ற அலங்கார நிபுணர் தம் வரவேற்பறையை முழுக்க வெள்ளையாக அமைத்தார். தரைக்கு டோர்ன் கொடுத்ததும் வெள்ளைதான். நம் ஜமுக்காளம் தட்டையானது. இந்த வகைக் கம்பளத்திலோ கம்பளி இழைகள் புல்போல நிமிர்ந்து நிற்கும். ஓரிடத்தில் உயரமாக விட்டுப் பக்கத்தில் குட்டையாகக் கத்தரித்தால் விளிம்பில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல்தான் கோலம். திரையை இழுத்துவிட்டால் கோலமும் மங்கிவிடும்! பூக்கள் நெருக்கியடித்த கம்பளங்களில் கால்வைக்கவே கூசுபவன் நான். இதன்மேல் நடக்க ஆசையாக இருக்கிறது.

'தரைகளின் கட்டடக் கலைஞர்' என்றே அவரை அழைத்தார்கள். 1934இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். கிளாரிட்ஜஸ் ஓட்டல், குயீன் மேரி கப்பல் என்று வசதியானவர்களின் காலடிக்கெல்லாம் அவர் கம்பளம் போனது. இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையிலுள்ள மிட்லண்ட் ஓட்டலுக்கு அலைகள் சுழலும் வட்டக் கம்பளங்கள். சுரங்க ரயில் இருக்கைகளுக்கும் துணி வடிவமைத்தார். அதன்மேல் உட்கார டிக்கெட் வாங்கினால் போதும்.

போர் வந்தது. 1940இல் எல்லாவற்றையும் விட்டு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அங்கேயும் வேலை கிடைத்தது, ஆனால் லண்டனில் இருந்த செல்வாக்கு திரும்பவில்லை. 1960இல் வெள்ளை மாளிகையின் நீள்வட்ட வரவேற்பறைக்குக் கம்பளம் வடிவமைத்தார். நான்கு ஆண்டுகளில் மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் காலமானார். அந்தக் கம்பளத்தின் ஓரம் முழுக்க மாநிலங்களின் சின்னங்கள். நேர்த்தியான வேலைதான். ஆனால், நிழலால் கோலமிட்ட அதே கையா இது என்று கேட்கத் தோன்றுகிறது.