ஏழு வருடத் தேக்கைக் கலைக்கலாமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் தேக்கு வைத்து 7 வருடம் ஆகிறது. வைத்த 1,210-ல் பட்டது போக 1,150 மரம் நிற்கிறது. சராசரி உயரம் 30 அடி, சுற்றளவு 13 அங்குலம். இரண்டு மூன்று வருடமாக உயரம் போகிறதே தவிர பருமன் ஏறவில்லை. பாதியை வெட்டச் சொல்கிறார்கள் சிலர். ஒரு மரம் போனால் ஒரு மரத்துக் காசு போச்சு என்கிறார்கள் சிலர். வெட்டினால் அந்தக் கழிகள் எதற்காவது ஆகுமா? கடைசியில் மொத்தமாக மொட்டையடிக்காமல், நிலத்தில் எப்போதும் மரம் நிற்கும்படி செய்ய முடியுமா?

பதில்: கலைத்தே ஆக வேண்டும், அதாவது நெருக்கம் குறைய இடையிடையே மரம் எடுத்தே ஆக வேண்டும். 4, 5 வயதிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஆனால் பாதியை ஒரே மூச்சில் வெட்டாதீர்கள்.

முதலில் நெருக்கம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிடுவோம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி 1,810-ஆல் வகுத்தால், அந்த மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர அடியில் வரும். உங்கள் 13 அங்குல மரத்துக்கு 0.093. 1,150 மரத்துக்குக் கூட்டினால் 107 சதுர அடி. தேக்குத் தோப்பில் ஏக்கருக்கு 90 சதுர அடியைத் தொட்டாலே கலைக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கணக்கே வேண்டாம் என்றால் தோப்புக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சைத் தழை மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருந்து, கீழ்க் கிளைகள் காய்ந்து தொங்கினால் அதுவும் இதையேதான் சொல்கிறது. தேக்கு வெயிலுக்கு ஏங்கும் மரம். பக்கவாட்டில் வெளிச்சம் கிடைக்காதபோது, இருக்கும் சத்தையெல்லாம் உச்சியைத் தூக்கவே செலவழிக்கும். பருமன் ஏறாததற்குக் காரணம் உரமும் அல்ல, தண்ணீரும் அல்ல. தழை குறைந்துபோனதுதான்.

பாதியை ஒரே தடவையில் ஏன் எடுக்கக் கூடாது? உங்கள் மரத்தின் உயரம் 360 அங்குலம், விட்டம் சுமார் 4.1 அங்குலம். வகுத்தால் 87 வருகிறது. இந்த எண் 100-ஐ நெருங்க நெருங்க மரம் தன் காலில் நிற்காது, அக்கம்பக்கத்து மரங்களில் சாய்ந்துதான் நிற்கும். துணையைச் சட்டென்று எடுத்துவிட்டால் முதல் பலத்த காற்றில் வில்லாக வளையும், வளைந்தது நிமிராது. நிழலிலேயே இருந்த தண்டில் திடீரென்று வெயில் அடித்தால் நெடுகத் துளிர் வெடித்து, பின்னாளில் பலகையெங்கும் கணுவாகும். அதனால் இந்தத் தடவை 380 மரம் மட்டும். இரண்டு வருடம் கழித்து இன்னொரு 300. பிறகு நிற்கும் மரம் 13 வயதையொட்டி 250, 18, 20 வயதில் 120 என்று இறங்கினால் போதும். 120 மரம் என்றால் மரத்துக்கு மரம் 19 அடி. இந்த வயதுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 90 சதுர அடிதான் மணி அடிக்கும்.

ஒன்று விட்டு ஒரு மூலைவிட்ட வரிசையை அப்படியே எடுப்பது இளம் தோப்புக்குச் சரி, அங்கே மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. 7 வயதில் எது தேறும், எது தேறாது என்பது கண்ணுக்கே தெரியும். எனவே வரிசை பார்த்து வெட்டாமல் மரம் பார்த்து வெட்டுங்கள். முதல் நாள் அரிவாளே வேண்டாம், சுண்ணாம்பு வாளி போதும். நேரான தண்டும், சுற்றிலும் சமமாகப் பரந்த தழையும் கொண்ட நல்ல மரங்களுக்கு முதலில் குறி போடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் கொண்டையோடும் முட்டிக்கொண்டு நிற்பது எது என்று பார்த்து, அதை வெட்டக் குறியுங்கள். கீழேயே கவையானது, முறுக்கிக்கொண்டது, அடியில் பொந்து விழுந்தது எல்லாம் கூடவே போகட்டும். அடியில் நோஞ்சானாக நிற்பதை மட்டும் வெட்டி எண்ணிக்கையை நிரப்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் பயன் இல்லை, நல்ல மரத்தின் வெளிச்சத்தை மறிப்பது அது இல்லையே.

இலை உதிர்ந்து நிற்கும் வறண்ட மாதத்தில், தரையோடு ஒட்டி வெட்டுங்கள். சாயும் திசையை முன்கூட்டியே பார்த்து, இழுத்துப்போகும் வழியில் நிற்கும் மரங்களின் பட்டை உரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரிந்த இடம்தான் அழுகல் நுழையும் வாசல். தேக்கை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பல இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். வெட்டிய கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம், பக்கத்து மரத்தின் வேர் அறுபடும். ஆனால் கட்டையில் மறுதாம்பு, அதாவது வெட்டிய இடத்திலிருந்து வரும் மறுதுளிர், சும்மா இருக்காது. பழைய வேரின் பலத்தில் கிடுகிடுவென்று ஏறி, நீங்கள் விட்ட இடைவெளியைத் தானே நிரப்பப் பார்க்கும். விரல் பருமன் ஆகும் முன் ஒடித்துக்கொண்டே இருங்கள்.

ஒரு மரம் போனால் ஒரு மரத்துக் காசு போச்சு என்பதற்கு வருவோம். கால்பங்குச் சுற்றளவு முறையில், சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். 10 அடி நீளத்துக்கு 13 அங்குல மரம் 0.73 கன அடி. அதே நீளத்தில் 52 அங்குல மரம் 11.7 கன அடி. சுற்றளவு நாலு மடங்கு, மரம் பதினாறு மடங்கு. (இந்த முறை உண்மையான கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே காட்டும். விற்கிறவர் அதை மனதில் வைத்துப் பேச வேண்டும்.) அளவோடு தரமும் சேர்கிறது. 13 அங்குல மரத்தில் பெரும்பகுதி வெள்ளைதான் (வெளிப்புறத்து வெளிர் மரம்), நடுவில் வயிரம் (உள்ளே முற்றிய மரம்) கொஞ்சம். தேக்கைக் கரையான் தீண்டாது என்ற பேரெல்லாம் வயிரத்துக்கு உரியது. வெள்ளைக்கு அந்த வரம் கிடையாது.

எனவே இப்போது வரும் கழிகளைத் தேக்கு என்ற பேருக்காக அப்படியே மண்ணில் ஊன்றிவிடாதீர்கள். வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைத்து, சில மாதத்தில் மாவாகக் கொட்டும். கூரைக்கு அடியில் நனையாமல் இருக்கும் வேலைக்கு என்றால், வெட்டிய ஈரத்தோடு பட்டையைச் சீவி, 100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ போராக்ஸ் கரைத்த தொட்டியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் மூழ்க வையுங்கள். மழையில் நனையும் இடத்துக்கு இது உதவாது, மருந்து கரைந்து போய்விடும். பிறகு நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச்சி வைத்து அடுக்குங்கள். மேலடுக்குக் குறுக்குச்சி கீழடுக்குக் குறுக்குச்சிக்கு நேர் மேலே உட்கார வேண்டும். தள்ளிப்போனால் கழி அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காயும். வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசினால் நுனி வெடிப்பு குறையும்.

கலைத்தபின் சருகை எரிக்க வேண்டாம். தேக்கின் அகன்ற இலையில் மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிய சொட்டாக விழும். அடியில் சருகும் புல்லும் இல்லாத மண்ணை அந்தச் சொட்டுகளே தெறிக்கவிட்டு அரித்துவிடும். நெருக்கமான தோப்புகளில் வேர் வெளியே தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

எப்போதும் மரம் நிற்க வேண்டும் என்ற ஆசை நடக்கக்கூடியதே. 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளைப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ் மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணச் செய்து, வெட்டும் அளவுக்கு மரம் வளர்ந்து சேருகிறதா என்று பார்த்தே வெட்ட விட்டார். உங்கள் ஒரு ஏக்கருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் எடுத்தால், அந்தச் சின்ன இடைவெளியில் வைக்கும் கன்று நிழலில் சோம்பி நின்றுவிடும். அதனால் ஏக்கரை 60 அடிக்கு 60 அடியாக 12 துண்டாக்குங்கள். 20 வயதுக்கு மேல் இரண்டரை வருடத்துக்கு ஒரு துண்டு வெட்டினால், 12 துண்டும் ஒரு சுற்று வர 30 வருடம். ஒவ்வொரு துண்டிலும் சுமார் 10 மரம். முதல் துண்டுகளில் வயிரம் குறைவாகத்தான் இருக்கும், அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டும். சுமாரான மரங்கள் நிற்கும் ஓரத் துண்டில் தொடங்கி வரிசையாக நகருங்கள். அப்போது புதிய கன்றுக்கு ஏற்கெனவே வெட்டிய பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும்.

மறு நடவுக்கு வயதான கட்டையின் மறுதாம்பை நம்ப வேண்டாம். கட்டை அழுகும்போது துளிரின் அடியும் சேர்ந்து அழுகும். விரல் பருமனுள்ள நாற்றுக்குச்சி, வேர் 15 முதல் 20 செ.மீ., தண்டு 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்டியதாக வாங்குங்கள். மழை தொடங்கியதும் கடப்பாரையால் குழி போட்டு, கழுத்து (வேரும் தண்டும் சேரும் இடம்) வரை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் இறுக மிதியுங்கள். உள்ளே காற்று தங்கினால் குச்சி துளிர்க்காமல் காய்ந்துவிடும்.