விளம்பரத்துக்கு எதிர்ப்பு என்றால் ஊடகங்கள் ஏன் அதையே நாள் முழுக்க ஓட்டுகின்றன? மக்கள் நிஜமாகவே அவ்வளவு கோபமாக இருக்கிறார்களா?

கேள்வியைப் பார்த்தால், வீட்டிலோ ஆபீஸிலோ யாரோடோ உங்களுக்கு வாய்த்தகராறு ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. 'ஊரே கொந்தளிக்குது, உனக்கு மட்டும் உறைக்கலையா' என்று கேட்டிருப்பார்கள். அந்த ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைக் கட்டின கொத்தனார்களில் நானும் ஒருவன்.

2018 முதல் 2021 வரை ஒரு தமிழ்ச் செய்தி இணையதளத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு செய்தி போட வேண்டும். நிருபர் அனுப்பும் செய்தி நாலு வரும், மீதியை ட்விட்டரில்தான் பொறுக்க வேண்டும். விளம்பரச் சர்ச்சை என்றால் டெஸ்க்கில் எல்லோருக்கும் சந்தோஷம். யாருக்கும் போன் போட வேண்டாம், எங்கும் போக வேண்டாம், இருபது நிமிடத்தில் செய்தி தயார்.

2019 மார்ச்சில் சர்ஃப் எக்ஸெல் ஹோலி விளம்பரச் சர்ச்சை வந்தது. ஒரு சிறுமி தெருவில் எல்லாக் கலரையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, முஸ்லிம் நண்பனைச் சட்டை அழுக்காகாமல் மசூதிக்குக் கொண்டுபோய் விடுவாள். அதற்கு வந்த கோபத்தில் சிலர் மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் செயலிக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தார்கள். சோப்புத்தூளும் கணக்குப் போடும் செயலியும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். கோபத்தை ஒரு செய்தியாகவும் இந்தக் கூத்தை இன்னொரு செய்தியாகவும் போட்டோம். இரண்டாவதுதான் அதிகம் ஓடியது. சௌகார்பேட்டையைத் தாண்டினால் ஹோலிக்குக் கலர் தூவ ஆள் தேட வேண்டிய சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம்.

அடுத்த வருடம் அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடையின் 'ஏகத்வம்' விளம்பரம். முஸ்லிம் வீட்டுக்கு மருமகளாகப் போன இந்துப் பெண்ணுக்கு மாமியார் வளைகாப்பு நடத்துவார். ஒரு நிமிடம்கூட ஓடாது. (தனிஷ்க்கை நடத்தும் டைட்டன் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் சேர்ந்து தொடங்கியது, முதல் தொழிற்சாலை ஓசூரில். இதை வைத்தும் ஒரு செய்தி தேற்றினேன்.) கொரோனா காலம் என்பதால் அப்போது மன்னார்குடியில் அப்பா வீட்டு ஹாலில் இருந்தபடி இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தலைப்பு போட்டுவிட்டேன்: 'வலுக்கும் எதிர்ப்பு, நெட்டிசன்கள் கொதிப்பு'. உள்ளே நாலு ட்வீட். அந்த 'வலுக்கும்' முழுக்க முழுக்க என் கைச்சரக்கு.

விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள், அது ஒரு செய்தி. ஏன் பணிந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது, அது ஒரு செய்தி. குஜராத்தில் காந்திதாம் ஊர்க் கடையைத் தாக்கிவிட்டார்கள் என்று தேசிய சேனலில் ஓடியதும் நாங்களும் ஓட்டினோம். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று போலீஸ் மறுத்தது. ஆனால் கடை வாசலில் மன்னிப்புக் கடிதம் ஒட்டியிருந்தது உண்மை. விளம்பரத் துறையே 1985இல் தனக்காக அமைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.க்கும் புகார் போனது. விளம்பரத்தில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று அவர்கள் குழு ஒருமனதாகச் சொன்னது. அதை எந்த மூலையில் போட்டோம் என்று நினைவில்லை.

சரி, இப்போது ஒருவர் வந்து 'மத உணர்வு புண்படுவது உனக்கு விளையாட்டா' என்பார், இன்னொருவர் 'எல்லா எதிர்ப்பும் போலி என்கிறாயா' என்பார். அப்படிச் சொல்லவில்லை. 2022இல் ஷாட் பாடி ஸ்ப்ரே விளம்பரம் கூட்டுப் பாலியல் வன்முறையை ஜோக் மாதிரி காட்டியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே ட்விட்டரையும் யூடியூபையும் அதை நீக்கச் சொன்னது. அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். நான் அப்போது வேலையில் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் அதே 'நெட்டிசன்கள் கொதிப்பு'தான் போட்டிருப்பேன், எங்களிடம் வேறு சொல் கிடையாது.

வேலையை விட்டபோது கேட்ட அனுபவச் சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. ஹெச்.ஆருக்குப் பதினோரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கும் ஊடகத்தில் வேலை பார்த்தவனுக்கு ஒரு தாளை வாங்க முடியவில்லை.

அந்த அக்டோபருக்கே வருகிறேன். காலை ஆறு மணிக்கு என் ஷிஃப்ட் முடியும்போது அதே ஹாலில் அப்பா டிவி போடுவார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சர்க்கரை நோய்க்குச் சூரணம் விற்பார், மாத்திரையே வேண்டாம், மூன்று மாதத்தில் வேரோடு போய்விடும் என்பார். தொடக்கத்தில் ஒரு நொடி 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று பொடி எழுத்தில் வரும். அது எங்கள் குழுமத்தின் சேனலேதான். நான் ஒரு விளம்பரத்தைப் பற்றி ஏழு செய்தி எழுதி முடித்த களைப்பில், இந்தச் சூரண விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவேன்.

அப்பா மூன்று டப்பா வாங்கியிருந்தார், ஒன்று 1,800 ரூபாய். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நவம்பரில் கொல்லையில் மயங்கி விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சர்க்கரை 412. கால் கட்டைவிரல் புண் ஆற நாலு மாதம் ஆனது.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, விளம்பரத்தின் ஒளிப்பதிவோடு டெஸ்க் தலைவருக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். கெட்ட மனிதர் இல்லை, அப்பாவை விசாரித்துவிட்டுத்தான் கேட்டார்: 'இதுக்கு ரியாக்‌ஷன் ஏதாவது இருக்கா தம்பி? ட்ரெண்ட் ஆகுதா?' ஆகவில்லை. சூரணம் வாங்கி ஏமாந்தவர்களில் ட்விட்டரில் இருப்பவர் யார்? அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'அந்த ஸ்லாட் காசுலதான் நமக்குச் சம்பளம்' என்றார். அதற்கடுத்த மூன்று மாதமும் அந்தச் சம்பளத்தை நான் வாங்கினேன், மறைக்கவில்லை.

2024இல் பதஞ்சலியின் மருத்துவ விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றம் ராம்தேவை நேரில் வரவழைத்ததும், 67 நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் வந்ததும் எல்லாச் சேனல்களிலும் ஓடியது. எங்கள் பழைய சேனலிலும் ஓடியது, மாலை ஏழு மணிச் செய்தியில். காலை ஆறு மணிக்கு வேறொரு கோட்டு, வேறொரு சூரணம்.

மிச்சம் ஒன்றரை டப்பா இன்னும் பரணில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதாம், அப்பா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்.