சிங்கப்பூர் தேசிய சேவை: மகனுக்கு ஓய்வு, வெளியே போக விடுமுறை, சொந்த வேலைக்கு நேரமெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஆரம்பத்தில் எதிர்பார்க்காதீர்கள். 2 ஆண்டு கட்டாய ராணுவ சேவையில் புலாவ் தெக்கோங் தீவில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிதான் பிழிந்தெடுக்கும். தொடக்கத்தில் சில நாள் வீட்டுக்கே விடமாட்டார்கள். விடியும் முன்பே எழுந்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, உடற்பயிற்சிக்கு ஓட வேண்டும். அணிவகுப்புக் கட்டளை எல்லாம் மலாயில்தான்: 'செடியா' என்றால் விறைத்து நிற்கணும். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், சைவம், ஹலால் இரண்டும் உண்டு. ருசி? அதைக் கேட்காதீர்கள்!

பிறகு பெரும்பாலான வார இறுதிகளில் 'புக் அவுட்', அதாவது முகாமை விட்டு வெளியே போக அனுமதி. ஃபெரியில் சாங்கி வந்து, பாசிர் ரிஸ் பேரங்காடியில் மொட்டைத் தலைகளாக வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். சினிமா, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பிரியாணி என்று உங்கள் மகன் பெரிய திட்டம் போடுவான். வீட்டுக்கு வந்ததும் வியர்வை நாறும் பச்சைச் சீருடைப் பையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவான். ஞாயிறு இரவு திரும்பணும்.

லட்சியம் என்றால் பலருக்கு முதலில் ஐபிபிடி எனும் உடல்தகுதித் தேர்வில் தங்கம்தான். புஷ் அப், சிட் அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றும் சேர்த்து 85 புள்ளி. படிப்பு, பல்கலைக்கழக விண்ணப்பம் போன்றவற்றைப் பயிற்சி முடிந்து பணியிடம் தெரிந்தபின் யோசிக்கலாம். அலுவலக வேலை கிடைத்து, தினமும் வீட்டுக்கு வரும் பிரிவென்றால் மாலை நேரம் அவனுடையது. ஓட்டுநர் பிரிவு கிடைத்தால் லைசென்ஸும் கைக்கு வரும்.