மருந்தறைக் கதவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1916 மே 31 அன்று ஒரே மாலையில் மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் (பெரிய பீரங்கிகளும் அதிக வேகமும் கொண்ட போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறியதை விரிவாக எழுதிவிட்டு, 'வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்ததற்குக் கொடுத்த விலை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

என் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பீரங்கிக்கான வெடிமருந்தான கார்டைட் பற்றி அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "வெளியில போட்டுக் கொளுத்தினா விறகு மாதிரி எரிஞ்சு அடங்கிடும். பூட்டி வெச்சாத்தான் வினை." அப்படியிருக்க, ஒரு குண்டு விழுந்ததும் இருபத்தாறாயிரம் டன் கப்பல் எப்படி இரண்டாகப் பிளக்கும்? ஜெர்மன் கப்பல்களும்தான் அடி வாங்கின, அவை ஏன் வெடிக்கவில்லை? 1941இல் ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வெடித்ததும் இதே கதைதானா?

கே.
குன்னூர்

அன்புள்ள கே.,

அந்த வரியை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கட்டுரை ஏற்கெனவே நீண்டுவிட்டது, ராத்திரி பதினோரு மணி, போகட்டும் என்று விட்டேன். மாட்டிக்கொண்டேன்.

கவசம் மெலிது என்பது பொய்யில்லை. வெடித்த மூன்றில் ஒன்றான இன்டிஃபாட்டிகபிளின் பக்கவாட்டுக் கவசம் 6 அங்குலம்தான். ஆனால் குயீன் மேரிக்கு 9 அங்குலம் இருந்தது, அதுவும் போனது. குயீன் மேரிக்கு ஏறக்குறைய அக்கா முறையான லயன் அதே கவசத்தோடு, அதே மருந்தோடு, அன்றைக்கே டரட்டில் (பீரங்கிகள் இருக்கும் சுழலும் கவசக் கூண்டு) அடி வாங்கிவிட்டு ஊர் திரும்பியது. கவசத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

உங்கள் அப்பா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, தாளைப் பிரித்து, மருந்தைக் கொட்டிக் கொளுத்தாத பையன் நம் ஊரில் உண்டா? 'புஸ்'ஸென்று ஒரு சுடர், அவ்வளவுதான். அதே மருந்தைச் சணல் சுற்றி இறுக்கினால் 'டமார்'. கார்டைட்டும் அந்த வகைதான். வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாஸ்லீன் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சேமியா பிழிவதுபோலப் பிழிந்து எடுத்த குச்சிகள். திறந்த இடத்தில் மளமளவென்று எரியும். எஃகுச் சுவர்களுக்குள் டன் கணக்கில் எரிந்தால் வாயு வெளியேற வழியிருக்காது. அழுத்தம் ஏறும், ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். கடைசியில் கப்பலே ஒரு வெடியாகிவிடும்.

அப்படியானால் குண்டு விழுந்த இடத்திலிருந்து தீ எப்படிக் கப்பலின் அடிவயிற்றிலுள்ள மருந்தறை வரை போனது என்பதுதான் கேள்வி.

டரட் என்றால் மேலே தெரியும் இரும்புப் பெட்டி மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அது பல மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடி. கீழே, நீர்மட்டத்துக்கு அடியில், மருந்தறையும் குண்டறையும். மருந்தறைக்கு வெளியே மருந்தை வாங்கி லிஃப்டில் ஏற்றும் சிறிய அறை. அங்கிருந்து நடுவிலுள்ள அறைக்கு ஒரு லிஃப்ட், அதிலிருந்து பீரங்கி வரைக்கும் இன்னொன்று. லயனின் 13.5 அங்குலப் பீரங்கி ஒருமுறை சுட ஏறக்குறைய 135 கிலோ கார்டைட் வேண்டும். அதை நான்கு பட்டுப் பைகளில் பிரித்துக் கட்டியிருப்பார்கள். பட்டு ஏனென்றால், சுட்ட பிறகு கனலும் துணித்துண்டு எதுவும் பீரங்கிக் குழலுக்குள் மிச்சம் இருக்கக் கூடாது, பட்டு முழுசாக எரிந்துவிடும். பையின் நுனியில் கறுப்பு வெடிமருந்து வைத்துத் தைத்த ஒரு பட்டை. ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பட்டை நனையாமலும் உதிராமலும் இருக்க மேலே ஒரு காகித மூடி.

விதி என்னவென்றால், பைகள் உலோகப் பெட்டிக்குள் மூடியே இருக்க வேண்டும். தேவைப்படும்போது எடுக்க வேண்டும். மருந்தறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 1914 டிசம்பர் 8 ஃபாக்லாந்து தீவுச் சண்டையில் இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் என்ற பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் இரண்டு ஜெர்மன் குரூசர்களை மூழ்கடிக்கப் பெரிய குண்டுகளிலேயே ஆயிரத்துக்கு மேல் சுட வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து சுட்டால் பத்தில் ஒன்று படுவதே அபூர்வம். சரி, குறி தவறினால் எண்ணிக்கையைக் கூட்டு என்று முடிவுக்கு வந்தார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை சுடுகிறாய் என்பது கப்பலுக்குக் கப்பல் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. அட்மிரல் பீட்டியின் தலைமையிலிருந்த பேட்டில்குரூசர்கள் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் நின்றன. அங்கே பெரிய பீரங்கிகளைச் சுட்டுப் பழகக் கடலில் இடமில்லை. குறியைப் பழக முடியாவிட்டால் என்ன, குண்டு நிரப்பும் வேகத்தைத் துறைமுகத்திலேயே பழகலாமே! கதவைத் திறந்து வை, பெட்டி மூடிகளை முன்கூட்டியே கழற்று, காகிதத்தைக் கிழி, பைகளை வெளியறையில் அடுக்கு. மேலே பீரங்கிக்காரன் கேட்குமுன் கையில் இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்கு முன்கூட்டியே இலையில் பரிமாறி வைப்பது போலத்தான். இங்கே பரிமாறியது கார்டைட்.

எச்சரிக்கை வராமல் இல்லை. அதே ஃபாக்லாந்து நாளில் கென்ட் என்ற குரூசரில் ஒரு குண்டு வெடித்து, தீ மருந்து ஏற்றும் வழியாகக் கீழே இறங்கியது. சார்ஜென்ட் சார்லஸ் மேயஸ் எரிந்துகொண்டிருந்த பையைக் கையால் தூக்கி எறிந்து, அந்த இடத்தைத் தண்ணீரில் மூழ்கடித்தார். அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. ஜெயித்த சண்டையில் நடந்த விபத்து யார் கண்ணுக்கும் படாது போலிருக்கிறது.

ஜெர்மானியர்களுக்கு அந்த 'அதிர்ஷ்டம்' இல்லை. 1915 ஜனவரி 24, வட கடலில் நடந்த டாகர் பேங்க் சண்டையில் செய்ட்லிட்ஸ் என்ற ஜெர்மன் கப்பலின் பின்பக்கம் இரண்டு டரட்களும் அப்படியே எரிந்தன. ஏறத்தாழ 160 பேர் போனார்கள். வில்ஹெல்ம் ஹைட்கம்ப் என்ற மாலுமி பழுக்கக் காய்ந்த வால்வுகளைக் கையாலேயே திருகி மருந்தறையில் தண்ணீர் விட்டதால் கப்பல் மிஞ்சியது. அடிபட்டவர்கள் பாடம் படித்தார்கள். வெளியே எடுத்து வைக்கும் மருந்தின் அளவைக் குறைத்தார்கள், கதவுகளை ஒழுங்குபடுத்தினார்கள். போதாததற்கு அவர்களுடைய முக்கிய மருந்து பித்தளைக் கூட்டுக்குள் இருந்தது, பட்டுப் பையில் இல்லை. மருந்தும் பிரிட்டிஷ் கார்டைட்டைவிடச் சாது. ஜட்லாண்டில் டெர்ஃப்ளிங்கர் என்ற ஜெர்மன் கப்பலின் பின்பக்க டரட் இரண்டும் எரிந்து, உள்ளே இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள். கப்பல் வீடு திரும்பியது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

லயனுக்கு வருகிறேன். டாகர் பேங்குக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு அலெக்சாண்டர் கிராண்ட் என்ற தலைமை கன்னர் (பீரங்கி மருந்துக்குப் பொறுப்பானவர்) வந்து சேர்ந்தார். சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அடிமட்டத்திலிருந்து வந்தவர். மருந்தறைக்குள் நுழைந்து பார்த்தவருக்குப் பகீரென்றது. எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, மூடி கழற்றிய பெட்டிகள், குவிந்து கிடக்கும் பைகள். கப்டன் சாட்ஃபீல்டிடம் போய் அனுமதி வாங்கினார். சண்டையின்போது ஒரு மருந்தறைக்கு ஒரு கதவுதான் பயன்பட வேண்டும், தேவைக்கு மேல் ஒரு பையும் வெளியே வரக் கூடாது. சுடும் வேகம் குறைந்துவிடும் என்று பீரங்கி அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். ஒரே கதவு வழியாகக் கொடுத்தாலும் பீரங்கி கேட்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியும் என்று கிராண்ட் செய்தே காட்டினார்.

ஜட்லாண்டில், மாலை 4 மணியளவில், லுட்ஸோ என்ற ஜெர்மன் கப்பலின் குண்டு ஒன்று லயனின் நடுப்பகுதியிலிருந்த 'க்யூ' டரட்டில் முன்தகடும் கூரையும் சேரும் இடத்தில் இறங்கியது. கூரை பிய்ந்து போனது. உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள், அல்லது குற்றுயிராகக் கிடந்தார்கள். டரட்டுக்குப் பொறுப்பான, மரீன் (கடற்படையின் சிப்பாய்ப் பிரிவு) மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி, தானும் சாகப்போகிற நிலையில், குரல்குழாயில் வாயை வைத்து மருந்தறைக் கதவைச் சாத்தித் தண்ணீர் விடச் சொன்னார். பிறகு ஒரு சார்ஜென்டை மேல்தளத்துக்கு அனுப்பித் தகவல் சொல்ல வைத்தார். கிட்டத்தட்ட அரை மணி கழித்து, கீழ் அறைகளில் மிச்சமிருந்த பைகளில் தீ பிடித்தது. சுவாலை கொடிமர உயரத்துக்கு எழுந்தது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் மாண்டார்கள். அப்புறம் பார்த்தபோது மருந்தறையின் சுவர் உள்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உள்ளே நிரம்பியிருந்த தண்ணீர்தான் அதை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது.

ஹார்விக்கு மரணத்துக்குப் பின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. நியாயம்தான். ஆனால் கிராண்ட் ஒரு வருஷமாகச் சண்டை போட்டு அந்த அறையில் மருந்தைக் குறைத்து வைத்திருக்காவிட்டால், ஹார்வி உத்தரவு கொடுக்க அந்தச் சில நிமிடங்கள் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

லயனில் ஹார்வி கட்டளை கொடுத்த சற்றுநேரத்தில் இன்டிஃபாட்டிகபிள் வெடித்தது: 1,017 பேர். 4.26க்குக் குயீன் மேரி: 1,266 பேர். அப்போதுதான் பீட்டி சாட்ஃபீல்டைப் பார்த்து, "இன்றைக்கு நம்ம பாழாய்ப்போன கப்பல்களுக்கு என்னமோ ஆகிவிட்டது போலிருக்கிறது" என்றார். தவறு கப்பல்களில் என்றுதான் அவர் வாயிலும் வந்தது பாருங்கள். கப்பல் நடத்துகிறவர்களில் என்று வரவில்லை.

மூன்றாவதான இன்வின்சிபிள்தான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது. அது அந்த நேரத்தில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ கடற்படைத் தளத்துக்குப் போய்ச் சுட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த படைப்பிரிவின் தலைமைக் கப்பல். அதனால் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜெல்லிக்கோவின் பெரிய கடற்படையோடு சேர்ந்து வந்தது, மிக நன்றாகவும் சுட்டது. அட்மிரல் ஹொரேஸ் ஹூட் மகிழ்ந்துபோய்ப் பீரங்கி அதிகாரி டேன்ரய்தரிடம் குழாயில் சொன்னார்: "பிரமாதமாகச் சுடுகிறீர்கள். முடிந்த அளவு வேகமாகத் தொடருங்கள். ஒவ்வொரு குண்டும் விழுகிறது." 'முடிந்த அளவு வேகமாக'. சில நிமிடங்களில், 6.34 அளவில், 'க்யூ' டரட்டில் ஒரு குண்டு விழுந்தது. 1,026 பேர் போனார்கள், மிஞ்சியது ஆறு பேர். கப்பலின் நீளம் 170 மீட்டருக்கு மேல், கடலின் ஆழமோ ஐம்பது மீட்டர்தான். உடைந்த இரண்டு பாதிகளும் தரையில் ஊன்றி, முனைகள் தண்ணீருக்கு மேல் கல்தூண்கள்போல நிமிர்ந்து நின்றன. அந்தப் பக்கமாக வந்த ஜெல்லிக்கோ, இது நம்முடையதா என்று விளக்குச் சமிக்ஞையில் கேட்க வேண்டியிருந்தது. கொடிமர உச்சியில் இருந்த டேன்ரய்தர், கப்பல் அமிழ்ந்தபோது கிட்டத்தட்ட இறங்கி நடப்பதுபோலத் தண்ணீருக்குள் கால் வைத்தார். (இசைமேதை வாக்னரின் ஞானமகன் அவர். ஜெர்மன் இசைக்காரரின் ஞானமகன் பிரிட்டிஷ் பீரங்கிகளைக் குறிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்!)

அந்த மூன்று கப்பல்களில் மட்டும் 3,300 பேருக்கு மேல். ஜட்லாண்டில் செத்த 6,094 பிரிட்டிஷ்காரர்களில் பாதிக்கும் அதிகம்.

சரி, பிறகு ஏன் எல்லோரும் கவசத்தையே குற்றம் சொன்னார்கள்? கவசம் என்றால் பழி வரைபடம் போட்டவர் தலையில் விழும், அல்லது வேகமே கவசம் என்று வாதாடிய அட்மிரல் ஃபிஷர் தலையில். கதவு என்றால் அது தளபதிகள் கண்ணெதிரே நடந்த பழக்கம். கடற்படைத் தலைமையகத்துக்குள்ளேயே மருந்தைக் கையாண்ட விதம்தான் காரணம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஜெல்லிக்கோவும் பீட்டியும் அதை ஏற்கவில்லை. அதேசமயம் ஓசைப்படாமல் தீத்தடுப்புக் கதவுகளும் மடிப்புத்திரைகளும் கப்பல்களில் பொருத்தப்பட்டன. மருந்தறைகளுக்கு மேல் கூடுதல் தகடுகளும் போடப்பட்டன. வெளியே சொன்னது தகடு. நானும் நூறு வருஷம் கழித்து அதையே எழுதிவைத்தேன்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். கதவை மட்டும் குறை சொன்னாலும் முழுசாகாது. கார்டைட்டும் அவ்வளவு யோக்கியம் இல்லை. எதிரி யாருமே பக்கத்தில் இல்லாமல், நங்கூரம் போட்டு நின்றபடியே வெடித்த பிரிட்டிஷ் கப்பல்கள் உண்டு. 1914 நவம்பரில் மெட்வே ஆற்றில் புல்வார்க், 1915 டிசம்பர் கடைசியில் குரோமார்ட்டியில் நேட்டால், 1917 ஜூலையில் ஸ்காப்பாவில் வேன்கார்ட். வேன்கார்டில் மட்டும் 843 பேர்.

ஹூட் பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொன்னால், அதே கதை இல்லை. 1941 மே 24 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் குண்டு பட்டுப் பின்பக்க மருந்தறைகள் வெடித்தன. 1,418 பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள். இரண்டு விசாரணை நடந்தது. தீ எங்கே தொடங்கியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. திறந்த கதவுகளின் காலம் அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அந்தக் கப்பலை 1918 ஆகஸ்டில் கடலில் இறக்கிவைத்தவர் யார் தெரியுமா? இன்வின்சிபிளில் இறந்த ஹொரேஸ் ஹூட்டின் மனைவி. கப்பலுக்கு வைத்தது அவர் கணவரின் முன்னோர் ஒருவருடைய பெயர்.

உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அப்பா வேலை பார்த்த ஷெட்டில் ஒரே நேரத்தில் எவ்வளவு கார்டைட் இருக்க விட்டார்கள், அந்த அளவை நின்று எண்ணியது யார், அவசரமான ஆர்டர் வந்த நாட்களில் அந்த ஆள் என்ன செய்தார் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.