டிக்கின்சோனியா விலங்குதான் என்று எப்படி உறுதியானது?

டிக்கின்சோனியா என்பது பாறையில் பதிந்து கிடக்கும் பழங்கால உயிர் ஒன்றின் தடம். எலும்போ ஓடோ இல்லாத ஒரு தடத்தை விலங்கு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது கேள்வி. எழுபது ஆண்டுகள் இழுபறியில் கிடந்த விஷயம் இது.

தென் ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் கிடைத்த இதற்கு 1947-ல் பெயர் வைத்தவர் ரெஜ் ஸ்பிரிக். நீள்வட்டத் தட்டு, நடுவே ஒரு கோடு, இருபுறமும் விசிறி மடிப்புபோல் வரிகள். சில ஒரு மீட்டரையும் தாண்டும். வாயும் இல்லை, காலும் இல்லை. லைக்கனா (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்), ராட்சத ஒற்றைச் செல் உயிரா என்று வாதம் ஓயவில்லை.

வடிவத்தை விட்டு வேதியியலைப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில், சுமார் 55.8 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியாவின் மேல் மெல்லிய கரிமப் படலம் மிஞ்சியிருந்தது. 2018-ல் அதில் கிடைத்தவை பெரும்பாலும் கொலஸ்ட்ராலின் எச்சங்கள். ஆம், நம் ரத்தப் பரிசோதனையில் வருகிற அதே கொலஸ்ட்ரால்! இப்படிக் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பது விலங்குகளின் அடையாளம். சுற்றியிருந்த படிவிலோ பச்சைப் பாசிகளுக்குரிய ஸ்டீரால்களே (கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்புப் பொருள்கள்) மிகுதி. டிக்கின்சோனியாவில் பூஞ்சைக்குரிய எர்கோஸ்டீராலின் எச்சம் ஏறக்குறைய இல்லவே இல்லை; ஆகவே அது லைக்கனும் அல்ல.